மாரிக்கு முன்னே வளவைப் பாருங்கள்

திருகோணமலைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியில் தொடங்கித் தை முற்பகுதிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். எட்டு மாதம் காய்ந்து கிடந்த வளவு சில வாரங்களில் சேறாகிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறுகிறது. கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் களிமண் நிலம் தண்ணீரை உள்ளே விடாமல் மேலேயே தேக்கி வைக்கிறது. வாடைக்காற்று வேறு. புயல் வந்தால் இன்னும் மோசம். 1964 டிசம்பரில் வந்தது, 2000 டிசம்பர் 26 இல் வந்தது, 2020 டிசம்பர் 2 இரவு புரெவி குச்சவெளிக்கு வடக்கே கரையேறியது, 2025 நவம்பர் இறுதியில் டிட்வா நாட்டையே உலுக்கியது.

இந்த வாரங்களில் அயலுக்குள் மூளும் சண்டைகள் பெரும்பாலும் தண்ணீர், மரம், வேலி என்ற மூன்றில் அடங்கும். மூன்றுக்கும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அறிவித்தல், தவணை, பரிசோதனை, கட்டளை என்று அந்த வழி மெல்ல மெல்லத்தான் நகரும். கூரையில் மரம் சாய்ந்து நிற்கும்போது முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினால் பங்குனி வெயிலில்தான் பதில் வரும். உங்கள் உரிமையைக் காக்கும் வேலை ஆவணி, புரட்டாதி மாதங்களில் நடக்க வேண்டிய வேலை. வளவுத் துப்புரவும் அப்படித்தான்.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வோம். இலங்கையில் காணி அயலுறவுகளுக்குப் பெரும்பாலும் உரோமன் டச்சுப் பொதுச்சட்டமே அடிப்படை. மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக வடிந்து வரும் மழைநீரைத் தாழ்ந்த நிலத்துக்காரர் ஏற்கத்தான் வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. பள்ளத்தில் இருப்பவர் மதில் எழுப்பி அந்த ஓட்டத்தை அடைத்து, மேலே உள்ளவரின் முற்றத்தைக் குளமாக்கக் கூடாது. அதேபோல மேலே உள்ளவர் லொறி லொறியாகக் கிரவல் கொட்டி நிலத்தை உயர்த்தி, எங்கும் பரவி வடிந்த தண்ணீரை ஒரே மூலையால் அயலவர் அடுக்களைக்குள் தள்ளவும் கூடாது. கூரைப் பீலித் தண்ணீரும் இப்படித்தான். உங்கள் கூரையில் விழும் மழை உங்கள் காணிக்குள் இறங்க வேண்டும். அடுத்த வளவுக்குள் அதைக் கொட்டுவதற்கு உங்களுக்கெனத் தனியான வழியுரிமை இருந்தால் ஒழிய, அவர் அதைத் தடுக்கக் கேட்கலாம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இதில் அதிகம் தவறுகிறார்கள். தெருவை விட உயரமாக அத்திவாரம் வேண்டும் என்பது சரி. அதற்காக வளவு முழுவதையும் உயர்த்த வேண்டியதில்லை. வீடு நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்தி, சுற்றிவரச் சரிவு கொடுத்து, வேலியோரம் ஆழமற்ற ஒரு வாய்க்கால் வெட்டி, அதைத் தெரு வடிகானில் சேர்த்தால் போதும். மதில் கட்டினால் அடியில் தண்ணீர் போகத் துவாரம் வையுங்கள். முற்றம் முழுவதும் கொங்கிறீற் போடுவதை நான் பலமாக எதிர்க்கிறேன். மணல் நிலம் மழையைக் குடிக்கும். அதை மூடிவிட்டால் உங்கள் கிணறும் ஊறாது, தெருவும் வெள்ளமாகும். வயல் நிலம் வாங்கி நிரப்பி வீடு கட்டுவதற்கோ, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி முன்கூட்டியே எழுத்து மூல அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் யாரேனும் உங்களுக்கு மேலே வயலை நிரப்பினால், நீங்கள் போக வேண்டிய இடம் கமநல சேவை நிலையம். வீட்டு வாசலுக்கு வழி வேண்டும் என்று தெரு வடிகானை மண்ணால் மூடியிருந்தால் அது உள்ளூராட்சி மன்றத்தின் விடயம். மழைக்கு முன் ஒரு புகைப்படத்தோடு கடிதம் கொடுங்கள்.

அடுத்தது மரம். அயலவரின் மாங்கிளை உங்கள் ஓட்டுக்கு மேல் நீண்டு வந்தால், முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லியும் அவர் அசையாவிட்டால், எல்லையைத் தாண்டி வந்த பகுதியை மட்டும் நீங்கள் வெட்டலாம். அவர் வளவுக்குள் கால் வைத்து வெட்டவோ, வேரில் நஞ்சு ஊற்றி மரத்தைக் கொல்லவோ உரிமை இல்லை. மரம் முழுவதுமே விழுகிற நிலையில் இருந்தால் அது வேறு பாதை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு, பொதுமக்களுக்குத் தொல்லையும் ஆபத்துமான நிலைகளை நீக்கும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை இட வழி செய்கிறது. பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் வழியே இதைக் கேட்கலாம்.

புயலில் விழுந்த மரத்துக்கு நட்டஈடு கேட்கும்போது எதிர்த்தரப்பு சொல்லும் முதல் வார்த்தை, அது இறைவன் செயல் என்பதுதான். நல்ல மரமும் புயலில் விழும் என்பது உண்மை. ஆனால் அடிமரத்தில் காளான் பூத்திருந்தது, உள்ளே கோறையாக இருந்தது, ஒரு பக்கம் சாய்ந்து வேரடி மண் வெடித்திருந்தது, இதையெல்லாம் சுட்டி மூன்று மாதம் முன்பே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருந்தீர்கள் என்றால் அந்த வாதம் நிற்பது கடினம். கவனக்குறைவை நிரூபிக்க அந்த ஒரு கடிதமே உங்கள் கையில் இருக்கும் பலம். வாய்ச்சொல்லுக்கு நீதிமன்றத்தில் பெறுமதி குறைவு.

சொந்த மரத்தை வெட்டவும் சில இடங்களில் அனுமதி தேவை. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாக்கிறது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் பரிந்துரையும் கேட்பார்கள், நாள் எடுக்கும். பெரும்பாலான மரங்களுக்கு அடியோடு தறிப்பது தேவையே இல்லை. காய்ந்த கொப்புகளையும் ஓட்டுக்கு மேல் நீளும் பாரமான கொப்புகளையும் கிளை தொடங்கும் இடத்தில் சுத்தமாக எடுத்துவிட்டால் காற்று ஊடாகப் போய்விடும். மரத்தின் தலையை மொட்டையடிப்பது மட்டும் வேண்டாம். அந்த இடத்தில் திரும்பத் துளிர்க்கும் கொப்புகள் பலமில்லாதவை; இரண்டு மூன்று மாரி கழித்து அவைதான் முறிந்து விழும். மின்கம்பிக்கு அருகில் உள்ள கிளையில் கத்தி வைக்காதீர்கள். 1987 என்ற இலக்கத்துக்கு அழைத்து மின்சார சபைக்குச் சொல்லுங்கள். ஈரக்கிளையே மின்சாரத்தைக் கடத்தும்.

வேலி பற்றிச் சுருக்கமாக ஒன்று. மழை வந்து மண் இளகியதும் கிளுவையும் பூவரசும் கதியாலாக நடுவது நம் வழக்கம். அந்த நேரத்தில்தான் எல்லை ஒரு முழம் நகரும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உங்கள் உரிமையை மறுத்து ஒருவர் 10 ஆண்டுகள் தடையின்றி ஒரு துண்டை அனுபவித்தால், அதற்கு உரித்துக் கோரலாம். ஆகவே வேலி நகர்ந்ததைக் கண்ட ஆண்டிலேயே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். உறுதியையும் அளவைப் படத்தையும் வைத்து, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைச் சரிபாருங்கள். இடம்பெயர்ந்து நெடுங்காலம் வெளியே இருந்தவர்களின் காணி விடயத்தில் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்தது. அதற்கும் காலவரையறை உண்டு என்பதால் சட்டத்தரணியிடம் கேட்டே நடந்துகொள்ளுங்கள்.

உயிரிழப்பு என்று பார்த்தால் மரத்தையும் வெள்ளத்தையும் விட நுளம்பைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 2017 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் 1,86,000 க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். நாட்டின் கண் முதலில் திரும்பிய இடங்களில் ஒன்று கிண்ணியா. அந்த மார்ச் மாதம் கிண்ணியா வைத்தியசாலை நிரம்பி வழிந்தது, பள்ளிக்கூடங்களை மூட வேண்டியிருந்தது, குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். மாரி விட்ட பின்பு தேங்கி நின்ற தண்ணீரின் விளைவு அது.

டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று சொல்லிக்கொடுத்தே நாம் வளர்ந்தோம். கரையோரத்தில் அது முழு உண்மை இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் அவர்களுடன் இருந்த ஆய்வாளர்களும் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பிகளை உவர்நீரிலும் கண்டார்கள். கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள், கடற்கரையில் எறிந்த பிளாஸ்ரிக், கண்ணாடிப் பாத்திரங்கள் ஆகியவற்றில் அவை வளர்ந்தன. ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு வரை உப்பிருந்த நீரிலும் அவை இருந்தன. கடல்நீரில் அது ஏறக்குறைய முப்பத்தைந்து. துறைமுகத்தைச் சுற்றி வாழும் நமக்கு இதைவிட நேரடியான செய்தி வேறு இல்லை. கரையேற்றி வைத்த வள்ளத்தைக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்க முடியாத பெரிய வள்ளம் என்றால் அடைப்பைத் திறந்து தண்ணீர் வடிய விடுங்கள், மேலே போட்ட பொலித்தீன் மடிப்பில் தேங்கும் தண்ணீரையும் கொட்டுங்கள். உப்புத் தண்ணீர்தானே என்று பாவிக்காத கிணற்றை விட்டுவிடாதீர்கள், வலை போட்டு மூடுங்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: சிரட்டை, இளநீர்க் கோம்பை, ரயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, இலை அடைத்த பீலி. பீலியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், ஏணி வைத்து ஏற வேண்டும் என்பதால். முட்டையிலிருந்து நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். முட்டையோ காய்ந்த பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை, குறித்த ஒரே நாளில்.

இதை ஒழுங்காகச் செய்வது உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம், வளவின் உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் மீதே அந்தக் கடமையை வைக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவைப் பார்வையிட்டு அறிவித்தல் கொடுப்பார், அதை மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் தண்டப்பணம் விதிக்கலாம். அதே சட்டம் உங்களுக்கு உரிமையும் தருகிறது. பக்கத்து வெற்றுக் காணியில் ரயர் குவியல் கிடந்து நுளம்பு பெருகினால், சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனையில் முறைப்பாடு செய்து பரிசோதிக்கக் கேட்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் கவனியுங்கள்: குடியிருப்பவர் என்ற முறையில் பொறுப்பு உங்களுக்கும் வரும். உடைந்த பீலியைத் திருத்தித் தரும்படி வீட்டுக்காரருக்கு எழுத்தில் கேட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பையைக் கூட்டிக் கொளுத்துவது தீர்வாகாது. திறந்த வெளியில் பிளாஸ்ரிக் உள்ளிட்ட கழிவுகளை எரிப்பதற்கு 2017 முதல் தடை உள்ளது. ஈர இலையைக் குழியில் போட்டு மண் மூடி உக்க விடுங்கள். சித்திரையில் அது மிளகாய்க்கன்றுக்கு எருவாகும்.

நம்மில் பலர் பெயரே கேள்விப்படாத இன்னொரு நோய் மண்ணுக்குள் இருக்கிறது. மெலியோய்டோசிஸ் என்பது அதன் பெயர். இலங்கையில் முதல் நோயாளி 1927 இலேயே பதிவானார். ஆனால் நாடெங்கும் பரவியிருக்கிறது என்பது கடந்த இரு பத்தாண்டுகளில்தான் தெளிவானது. சேற்றிலும் வயல் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியா, காலில் உள்ள சிறு காயம் வழியாகவோ, கடும் மழைக்காற்றில் மூச்சு வழியாகவோ, சுத்தமில்லாத நீர் வழியாகவோ உடலுக்குள் போகிறது. பெருமழைக்குப் பின்பு நோயாளிகள் கூடுகிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. சாதாரணக் காய்ச்சல் போல, நிமோனியா போல, ஆறாத கட்டி போல வரும். வழமையாகக் கொடுக்கும் பல அன்ரிபயோட்டிக்குகளுக்கு அசையாது. இரத்த வளர்ப்புப் பரிசோதனையில் கண்டுபிடித்தால் சரியான மருந்து உண்டு. முதலில் ஊசி வழியாகக் குறைந்தது பத்து, பதினான்கு நாள், பிறகு மாதக்கணக்கில் குளிசை. இடையில் நிறுத்தினால் திரும்பி வரும்.

எனவே சர்க்கரை வருத்தம் உள்ள அப்பாவோ அம்மாவோ மழைக்காலத்தில் வெறுங்காலோடு வாய்க்கால் வெட்டுவதை வீட்டார் தடுக்க வேண்டும். தடுக்க முடியாவிட்டால் கம்பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். கால் வெடிப்பை மூடிக் கட்டி, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் மூன்று விடயங்களைக் கட்டாயம் சொல்லுங்கள்: எனக்கு நீரிழிவு உண்டு, சேற்றில் வேலை செய்தேன், காலில் காயம் இருந்தது. அந்தத் தகவல் இருந்தால் வைத்தியர் தேடும் திசையே மாறும். எலிக்காய்ச்சலுக்கும் இதே முன்னெச்சரிக்கை பொருந்தும். சேற்றில் தொடர்ந்து வேலை செய்பவர்களுக்குத் தடுப்பு மாத்திரையைச் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனையில் இலவசமாகக் கேட்கலாம்.

பாம்பு பற்றி: வெள்ளம் வளைகளை நிரப்பியதும் புடையனும் நாகமும் விறகு அடுக்குக்கும் ஓட்டுக் குவியலுக்கும் வருகின்றன. விரியன் இரவில் வீட்டுக்குள்ளேயே வரும். பாயில் படுப்பவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். விறகை நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குங்கள், புல்லைத் தாழ வெட்டுங்கள், நுளம்பு வலையைப் பாயின் அடியில் செருகிவிடுங்கள். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கடித்த உறுப்பை அசைக்காமல் வைத்து, 1990 அம்புலன்ஸை அழைத்தோ கிடைத்த வாகனத்திலோ அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறி மருந்து அங்கே இலவசம். அதைக் கேட்பது உங்கள் உரிமை. விஷக்கடிக்குப் பார்வை பார்ப்பவரிடம் போய் இழக்கும் ஒரு மணி நேரத்தைத் திரும்பப் பெற முடியாது.

வெள்ளம் வடிந்ததும் கிணற்று நீரைக் குடிக்காதீர்கள். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் பொதுவாக 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள், ஆனால் மணல் நிலத்தில் நீர்மட்டம் ஏறும்போது அந்த இடைவெளியும் போதாமல் போகும். கிணற்றை இறைத்துக் குளோரின் இடும் வேலைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைக் கேளுங்கள், அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். போர் நடந்த மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் மண் வெட்டும்போதோ வெள்ளம் மண்ணைக் கழுவிய பின்போ துருப்பிடித்த உலோகப் பொருள் தென்பட்டால் தொடாதீர்கள், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். இடத்தை அடையாளம் இட்டுவிட்டு 119 இல் பொலிஸாருக்குச் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றிய நிலத்திலும் வெடிக்காத குண்டுகள் எஞ்சியிருக்கக் கூடும்.

இனி, சொல்லியும் அயலவர் கேட்கவில்லை என்றால் என்ன செய்வது. நேரே நீதிமன்றம் போகாதீர்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை உங்கள் பிரதேசத்திலும் கூடுகிறது. சட்டத்தரணி தேவையில்லை. தண்ணீர், கிளை, வேலி வழக்குகள் அங்கே தீரும் தன்மை உள்ளவை; எதிர்த்தரப்பும் நாளை உங்கள் கல்யாண வீட்டுக்கு வர வேண்டிய ஆள்தான். இணக்கம் ஏற்படாவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். துர்நாற்றம், தேங்கிய கழிவுநீர், காடு மண்டிய வளவு போன்றவற்றுக்கு 1862 ஆம் ஆண்டிலிருந்தே தொல்லைகள் கட்டளைச் சட்டம் உண்டு.

உள்ளூராட்சி மன்றம் உங்கள் கடிதத்துக்கு வாய் திறக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பம் போடுங்கள்: எனது இந்தத் திகதிக் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, எந்த அலுவலர், எப்போது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு உண்டு. கடிதம் தூங்கும் மேசையில் இந்த ஒற்றைத்தாள் அசைவை உண்டாக்கும். அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வந்தால், தமிழில் தரும்படி கேளுங்கள். அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி, வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி. புரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் காணிச் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். மதில் கட்டிப் பூட்டிவிட்டுப் போன வளவுக்குள் பற்றை மண்டி, அயலவர் பாம்புக்கும் நுளம்புக்கும் பயந்து வாழ்வது பல தெருக்களில் நடக்கிறது. கடமை உரிமையாளருக்கே, அறிவித்தலுக்குப் பின்பும் துப்புரவு செய்யாவிட்டால் உள்ளூராட்சி மன்றம் தானே செய்து செலவை அறவிட முடியும். நம்பிக்கையான ஒருவருக்கு, துப்புரவு செய்தல், முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லல் என்று வேலைகளைக் குறித்து வரையறுத்த அற்றோணித் தத்துவம் கொடுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் கொடுக்க வேண்டியதில்லை.

புயலோ வெள்ளமோ கடந்ததும், துப்புரவு தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு சேதத்தையும் திகதி தெரியப் படமெடுங்கள். ஓடு, மதில், கிணறு, வேலி, மரம் எல்லாம். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். இடர் உதவிக்கான பட்டியல் அவர் வழியாகவே பிரதேச செயலகத்துக்குப் போகிறது. பெயர் விடுபட்டால் உடனே மேன்முறையீடு செய்யுங்கள். அவசர நேரத்தில் இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. உறுதி, அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, அயலவருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் கட்டி, வெள்ளம் எட்டாத உயரத்தில் ஐப்பசிக்கு முன்பே வைத்துவிடுங்கள்.